காற்றுப்பையும் அதனை இயக்கும் மின்னணுக் கருவியும்

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், செங்கற்பட்டு மாவட்டம் திருப்போரூருக்கு அருகே, முன்னே சென்ற கார் ஒன்று திடீரெனத் திரும்பவே, பின்னால் வந்த கார் அதன்மீது மோதியது. பின்னால் வந்த காரின் முன் இருக்கையில், தந்தையின் மடியில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்திருந்தான். மோதிய கணத்தில் அவ்விருக்கைக்கு எதிரேயுள்ள காற்றுப்பை விரிந்தது. சிறுவன் உயிரிழந்தான், பெரியவர்கள் பிழைத்தனர். இதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், 2024 டிசம்பரில், நவி மும்பையில் முன் இருக்கையில் இருந்த ஆறு வயதுச் சிறுவனும், அதே ஆண்டு செப்டம்பரில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையும் இவ்வாறே மாண்டனர்.

உயிரைக் காப்பதற்கென்றே வண்டியில் பொருத்தப்பட்ட ஒரு சாதனம் உயிரை மாய்ப்பது எவ்வாறு? இக்கேள்வி வகுப்பறையிலும் எழும். கிராமக் கூட்டங்களிலும் எழும். அதற்கு விடை கூற வேண்டுமாயின், காற்றுப்பை எவ்வாறு வேலை செய்கிறது என்பதையும், எப்போது விரிய வேண்டும் என்று முடிவு செய்யும் சிறு மின்னணுக் கருவி எவற்றை அறியும், எவற்றை அறியாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டி நிற்பதும் ஆள் நிற்பதும்

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் விநாடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியளவு உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது பெற்றிருக்கும் வேகமும் இதுவே. ஊருக்குள் நிதானமாக ஓட்டுவதாக நாம் எண்ணும் வேகம் இது என்பதை மாணவர்களுக்கு முதலில் உணர்த்துதல் நலம்.

இக்கார் ஒரு சுவரில் மோதுவதாகக் கொள்வோம். அதன் முன்பகுதி சுமார் 60 சென்டிமீட்டர் நசுங்கி, அந்தத் தூரத்திற்குள் கார் நின்றுவிடுகிறது. இதற்கு ஆகும் நேரம் 0.086 விநாடி. எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு. இருக்கைப் பட்டை அணிந்தவர் வண்டியோடு சேர்ந்து நிற்கிறார். ஆகவே அவருடைய உடலும் இந்த 16 மடங்கை ஒட்டிய விசையையே தாங்க வேண்டியிருக்கும். பட்டை அணியாதவர் நிலை வேறு. வண்டி நின்ற பின்னும் அவர் 13.9 மீட்டர் வேகத்திலேயே முன்னேறி, ஏற்கெனவே நின்றுவிட்ட முன்பலகையில் மோதுகிறார். அங்கே அவர் நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் ஐந்து சென்டிமீட்டர் எனின், எதிர்முடுக்கம் சுமார் 200 மடங்காகிவிடும். நியூட்டனின் முதல் விதிக்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இதே கணக்கை மடியிலிருக்கும் குழந்தைக்கும் செய்து பார்க்கலாம். குழந்தையின் எடை 20 கிலோகிராம் எனின், அந்த 0.086 விநாடியில் அதனைப் பிடித்து நிறுத்த 320 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை. எந்தத் தந்தையின் கைகளுக்கும் அந்த வலிமை இல்லை. “நான் இறுகப் பிடித்துக்கொள்வேன்” என்று கூறும் பெற்றோரிடம் அன்பில் குறையில்லை. கணக்கு மட்டுமே அவர்களுக்கு எதிராக உள்ளது.

பட்டை அணிந்தவருக்கும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நிற்கிறது. மார்பையும் இடுப்பையும் பட்டை பிடித்துக்கொண்டாலும் தலை முன்னோக்கி வீசப்படும். அதனைத் திசைமாற்றும் சக்கரம் தாக்காமல் தடுப்பதற்காகவே காற்றுப்பை ஏற்பட்டது. ஆகவே அது பட்டைக்குத் துணை. பட்டைக்குப் பதிலாக அது ஒருபோதும் ஆகாது. இவ்வுண்மையைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

முடிவெடுக்கும் பெட்டி

இன்றைய கார் ஒன்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பல உண்டு. எஞ்சினுக்கு எரிபொருள் அளந்து விடுவது ஒன்று. சக்கரங்கள் சறுக்காமல் பிரேக்கை ஆள்வது ஒன்று. இவ்வாறு சிறிய காரிலும் பல பெட்டிகள் உள்ளன. இவை யாவும் ஒரு ஜோடி முறுக்குக் கம்பிகளின் வழியே ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுள் காற்றுப்பைக்குரிய கருவி ஒரு சிறிய உலோகப் பெட்டி. பெரும்பாலும் முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே, கியர்த்தண்டின் அருகில், வண்டியின் தளத்தோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். வண்டியின் உடல் உணரும் அதிர்ச்சியை அப்படியே தானும் உணரவேண்டும் என்பதற்காகவே இந்த இடம்.

பழைய காலத்துக் கருவிகளில் அதிர்ச்சியை உணர ஒரு குழாயும் அதனுள் ஓர் உலோகக் குண்டும் இருந்தன. வண்டி சட்டென நின்றால் குண்டு காந்தப் பிடியிலிருந்து விடுபட்டு முன்னே உருண்டு, இரு மின்முனைகளை இணைக்கும். அமெரிக்கரான ஆலன் பிரீட் 1968-இல் வகுத்த முறை இது. இன்று அக்குண்டின் இடத்தில் உள்ளது ஒரு சிலிக்கன் சில்லு. அதனுள், தலைமயிரினும் மெல்லிய சிலிக்கன் நரம்புகளால் தாங்கப்பட்ட ஒரு நுண்ணிய எடை சீப்பின் பற்களைப் போன்ற அமைப்போடு தொங்குகிறது. அதிர்ச்சியில் அப்பற்கள் எதிரேயுள்ள நிலைப்பற்களை நெருங்குகின்றன. இடைவெளி மாறினால் மின்தேக்குதிறன் மாறும். அம்மாற்றமே முடுக்கத்தின் அளவாகப் படிக்கப்படுகிறது. கைப்பேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் படமும் திரும்புகிறதே, அதற்கும் இவ்வகைச் சில்லே காரணம்.

அளந்தால் மட்டும் போதாது. எது மோதல், எது பள்ளம் என்று பிரித்தறிய வேண்டும். எவ்வளவு கடுமையாகப் பிரேக் பிடித்தாலும் எதிர்முடுக்கம் புவியீர்ப்பின் அளவை ஒட்டியே நிற்கும்; அதை மோதலென்று கொள்ளும் ஆபத்து இல்லை. ஆனால் வேகத்தடையில் வண்டியின் அடிப்பகுதி இடித்தாலோ, மெக்கானிக் சுத்தியலால் அடித்தாலோ, ஒரு கணத்துக்கு மிக உயர்ந்த அதிர்ச்சி எழும். இந்த அதிர்ச்சி கூர்மையானது, ஆனால் ஆயுள் குறைந்தது. மெய்யான மோதலில் அதிர்ச்சி தொடர்ந்து நிற்கும். முடுக்கத்தை நேரத்தோடு வரைந்தால் வளைகோட்டின் அடியிலுள்ள பரப்பு வேக மாற்றத்தைக் குறிக்கும் என்பதை மேல் வகுப்பு மாணவர்கள் அறிவர். கருவியும் அந்தப் பரப்பையே விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை கூட்டிப் பார்க்கிறது. கூர்மையும் பரப்பும் சேர்ந்து குறித்த எல்லையைத் தாண்டினாலன்றி ஆணை பிறவாது. தனியே வைத்த மற்றோர் உணர்வியும் அதனை உறுதி செய்ய வேண்டும். சுவரைப் போன்ற அசையாப் பொருளில் நேருக்கு நேர் மோதுவதாயின், இந்த எல்லை பொதுவாக மணிக்கு 16 முதல் 25 கிலோமீட்டர் வேகத்திற்குள் அமைகிறது.

இதற்கெல்லாம் கிடைக்கும் நேரம் எவ்வளவு? தொல்காப்பியம் மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப் பொழுதைக் கூறுகிறது. அந்தக் கண்ணிமைப் பொழுது ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கினும் அதிகம். பம்பர் தொட்ட நேரத்திலிருந்து 15 அல்லது 20 மில்லி விநாடிக்குள் கருவி முடிவு செய்துவிடுகிறது. அடுத்த 30 மில்லி விநாடிக்குள் பை முழுவதும் விரிந்துவிடுகிறது. ஆக, ஓட்டுநரின் தலை வந்து சேருமுன் பை ஆயத்தமாக நிற்கிறது. அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பக்கவாட்டு மோதலில் கதவின் தடிப்பே இடைவெளி ஆதலால் நேரம் இன்னும் குறைவு.

மோதலில் மின்கலத்தின் கம்பி அறுந்துபோகலாம். எனவே பெட்டிக்குள் ஒரு மின்தேக்கி எப்போதும் நிரம்பிய நிலையில் இருக்கும். காற்றுப்பையுள்ள வண்டியில் கை வைக்குமுன் மின்கலத்தைக் கழற்றிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருக்கச் சொல்வது இதனாலேயே. மஞ்சள் நிறக் கம்பிகளும் இணைப்பிகளும் காற்றுப்பையைச் சேர்ந்தவை என்பதற்கு அடையாளம். அவற்றைச் சாதாரண மின்னளவுமானியால் சோதிப்பது கூடாது. பையைப் பற்றவைக்கத் தேவைப்படும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரைச் சற்றே கடந்த அளவுதான்.

பையினுள் நிகழ்வது

காற்றுப்பை என்னும் பெயரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மொழிபெயர்ப்பு வேலையில் இப்பெயரை எழுதும்போதெல்லாம் எமக்கு ஒரு தயக்கம் உண்டு. காற்று என்றதும் ஊதிய தலையணையும் பை என்றதும் மென்மையும் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அதனுள் இருப்பது வேட்டு மருந்தைச் சேர்ந்த ஒரு வில்லைக் கட்டு. பை விரியும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல். ‘வெடிப்பை’ என்று பெயரிட்டிருந்தால், குழந்தையை அதன் எதிரே அமர்த்த யாருக்கும் துணிவு வந்திராது.

தொடக்ககாலப் பைகளில் சோடியம் அஸைடு என்னும் பொருள் பயன்பட்டது. சூடேறினால் அது சோடியமாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் பிரியும்: இரண்டு மூலக்கூறு எடை அஸைடிலிருந்து மூன்று மூலக்கூறு எடை நைட்ரஜன். 130 கிராம் அஸைடு அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 72 லிட்டர் நைட்ரஜனைத் தரும் என்பதை ரசாயன ஆசிரியர்கள் கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டலாம். ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பையின் கொள்ளளவும் 50 அல்லது 60 லிட்டரை ஒட்டியதே. அஸைடு நச்சுப் பொருளாதலால் பிற்காலத்தில் அதனைக் கைவிட்டு, குவானிடின் நைட்ரேட்டு போன்ற பொருள்களுக்கு மாறினர்.

இம்மாற்றத்தில் ஒரு நிறுவனம் தேர்ந்தெடுத்த பாதை பெருந்துன்பத்தில் முடிந்தது. ஜப்பானைச் சேர்ந்த டகாடா நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்திற்று. வேளாண்மைக் களப்பணியாளர்களுக்கு இவ்வுப்பு புதியதன்று. ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகும் அதன் குணமும் தெரிந்ததே. அதற்கு மற்றொரு குணமும் உண்டு: 32 டிகிரி வெப்பநிலையைக் கடக்கும்போது அதன் படிக அமைப்பு மாறும், பருமனும் மாறும். இதைத் தடுக்க வேறு பொருளைச் சேர்த்தார்களெனினும், ஈரமும், பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறி வருவதும் பல ஆண்டுகளில் வில்லைகளை நைந்துபோகச் செய்தன. நைந்த வில்லை வேண்டிய வேகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக எரியும். அப்போது உலோகக் கூடே சிதறி, அதன் துணுக்குகள் பையைக் கிழித்துக்கொண்டு எதிரே இருப்பவரைத் தாக்கின. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் பைகள் திரும்பப் பெறப்பட வேண்டியவையாயின. டகாடா நிறுவனம் 2017 ஜூன் மாதத்தில் திவாலாயிற்று. இந்தியாவிலும் ஹோண்டா முதலிய நிறுவனங்கள் இவ்வகை வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஊதிகளை இலவசமாக மாற்றித் தந்தன.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த பிரதேசங்களில்தான் இவ்வூதிகள் மிக விரைவாகக் கெட்டன. நமது கடற்கரை மாவட்டங்களும் அத்தகையவையே. பழைய கார் ஒன்றை வாங்குவோர், அதன் சேஸிஸ் எண்ணைக் கொண்டு திரும்ப அழைக்கப்பட்ட வண்டியா என்பதை உற்பத்தியாளரிடம் விசாரித்தறிவது அவசியம். ஒருசில நிமிட வேலை. எனினும் செய்வோர் சிலரே.

குழந்தையும் முன் இருக்கையும்

இனி முதற்கேள்விக்கு வருவோம். பை முழுவதும் விரிந்து, நின்று, பின்புறத் துளைகளின் வழியே வாயு வெளியேறத் தொடங்கிய பின்னர் அதனைத் தொடுபவர் காக்கப்படுகிறார். விரிந்துகொண்டிருக்கும்போதே அதன் பாதையில் இருப்பவர் தாக்கப்படுகிறார். இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சில அங்குலங்கள், சில மில்லி விநாடிகள். இதனால்தான் ஓட்டுநரின் மார்பிற்கும் திசைமாற்றும் சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் இடையே 25 சென்டிமீட்டரேனும் இருக்க வேண்டும் என்கின்றனர்.

மடியில் இருக்கும் குழந்தைக்கு இந்த இடைவெளி இல்லை. மோதலுக்கு முன் ஓட்டுநர் பிரேக் பிடிக்கும்போதே அக்குழந்தை முன்பலகையை நோக்கிச் சரிந்துவிடுகிறது. பின்னே பெரியவரின் உடல் எடை. முன்னே விரியும் பை. பெரியவரின் மார்பில் பட வேண்டிய பை குழந்தையின் தலையிலும் கழுத்திலும் படுகிறது. அக்கழுத்தின் எலும்புகளும் தசைநார்களும் முதிராதவை. உடலோடு ஒப்பிட்டால் தலையோ கனமானது. பின்னோக்கிய குழந்தை இருக்கையை முன்னே பொருத்தினாலும் ஆபத்து உண்டு. அப்போது குழந்தையின் தலைக்குப் பின்னாலேயே பை வெடிக்கும்.

அமெரிக்கா இப்பாடத்தை 1990-களில் கற்றது. அங்கே 1990 முதல் 2008 வரை முன்புறக் காற்றுப்பைகள் விரிந்ததனாலேயே 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஓட்டுநருக்கு அருகில் இருந்த பிரயாணிகள்; அந்தப் பிரயாணிகளுள் பத்தில் ஒன்பது பங்கினர் குழந்தைகளும் சிசுக்களும். இறந்தோரில் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேல் பட்டை அணியாதவர்கள் அல்லது முறையாக அணியாதவர்கள். அதே நேரத்தில், 2017 வரை முன்புறக் காற்றுப்பைகள் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காத்தன என்பது அதே நிர்வாகத்தின் கணக்கு. காற்றுப்பையே வேண்டாம் என்று கூறுவோர் இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பின்னர் இருக்கையில் எடை உணர்வி வைத்து, சிறியவர் அமர்ந்தால் பை விரியாதபடி செய்தனர். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோர் பின் இருக்கையிலேயே அமர வேண்டும் என்றும் அறிவுறுத்தினர். நம் நாட்டில் விற்கும் கார்கள் சிலவற்றில் முன்பிரயாணியின் பையை அணைக்கும் விசை உண்டு. பலவற்றில் அதுவும் இல்லை. அத்தகைய வண்டியில், எதிரே அமர்ந்திருப்பவர் எண்பது கிலோ எடையுள்ள பெரியவரா, ஏழு வயதுச் சிறுவனா என்பது கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது வளைகோட்டின் பரப்பு மட்டுமே.

கிட்வாய் நகர் புது டில்லியில் அரவிந்த மார்க்கமும் ரிங் ரோடும் கூடும் முனையில் உள்ளது. எதிரே அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம். விபத்தில் அடிபட்டோரைக் கொண்டுவரும் வண்டிகளின் மணியோசை இங்கே இரவும் பகலும் கேட்கும். அந்த ஓசையின் ஊடேயே, காலை வேளையில் குடியிருப்புகளிலிருந்து புறப்படும் கார்களில், முன் இருக்கையில் தாயின் மடியிலோ, தனித்தோ, புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகள் அமர்ந்து செல்வதைக் காண்கிறோம். படித்தவர்கள், அரசாங்க அலுவலர்கள்; அவர்களுக்குக் குழந்தைமேல் அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? பின் இருக்கையில் தனியே விட்டால் பிள்ளை அழும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. பள்ளி அருகிலேயே உள்ளது, மெதுவாகத்தான் போகிறோம் என்பது மற்றொன்று. மேலே கூறிய 16 முதல் 25 கிலோமீட்டர் என்னும் எல்லையை இவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஆசிரியர்களின் பணி.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பட்டையாலோ குழந்தைக்குரிய பிணைப்பு இருக்கையாலோ பாதுகாக்காமல் வண்டி ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். பட்டை அணியாத பெரியவருக்கும் அதே தொகை. பின் இருக்கைக்கும் இது பொருந்தும்.

பின் இருக்கையைப் பற்றிய உணர்வு நாட்டில் பரவியது 2022 செப்டம்பர் 4 அன்று நேர்ந்த விபத்துக்குப் பின்னரே. மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் மோதிய காரில், பின்னால் பட்டையின்றி அமர்ந்திருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் அவருடன் இருந்தவரும் இறந்தனர். முன்னால் இருந்த இருவர் பிழைத்தனர். அம்மாதமே டில்லிப் போலீஸார் பின் இருக்கைப் பிரயாணிகளுக்கும் அபராதம் விதிக்கத் தொடங்கினர். அந்த வண்டியின் மின்னணுக் கருவிகள் மற்றொரு பணியையும் செய்தன. மோதுவதற்கு ஐந்து விநாடி முன்னர் பிரேக் பிடிக்கப்பட்டபோது வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், மோதியபோது 89 கிலோமீட்டர் என்று, வண்டியில் பதிவாகியிருந்த விவரங்களைக் கொண்டு உற்பத்தியாளர் அதிகாரிகளுக்கு அறிவித்தார். மோதலுக்கு முந்திய சில விநாடிகளின் வேகம், பிரேக், பட்டையின் நிலை ஆகியவற்றை நினைவில் வைப்பது பல கார்களில் காற்றுப்பைக் கருவியின் வேலையாகவே உள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிய கார்கள் அனைத்திலும் இப்பதிவு கட்டாயம்.

நம் நாட்டின் விதிகளைச் சுருங்கக் கூறலாம். ஓட்டுநருக்கான பை 2019 ஜூலை 1 முதல் கட்டாயமாயிற்று. அருகில் அமர்வோருக்கும் பை வேண்டும் என்ற விதி, புதிய மாதிரிகளுக்கு 2021 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாதிரிகளுக்கு அவ்வாண்டு முடிவிலிருந்தும் அமலாயிற்று. ஆறு பைகளைக் கட்டாயமாக்கும் யோசனை 2022-இல் வெளியாகி, ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டு, 2023-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, மோதிப் பார்த்து நட்சத்திரம் வழங்கும் பாரத் என்காப் திட்டம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பதினெட்டு மாதம், மூன்று வயது ஆகிய இரு பருவக் குழந்தைப் பொம்மைகளும் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. காரை விலைக்கு வாங்குவோர் பெரியவர்களுக்குரிய நட்சத்திரங்களை மட்டும் கேட்கின்றனர். குழந்தைகளுக்குரியவை தனியே தரப்படுகின்றன என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

கருவிக்குச் சொல்லப்படும் பொய்கள்

பட்டை அணியாவிட்டால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியை நிறுத்துவதற்காக, பட்டையின் கொக்கியில் செருகும் ஒரு சிறு உலோகத் துண்டு கடைகளில் விற்கப்பட்டு வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு ஆணையிட்டதன் பேரில் 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. இத்துண்டைச் செருகியதும், ஆள் பட்டை அணிந்திருப்பதாகக் கருவி நம்புகிறது. பட்டையின் நிலையைக் கொண்டு பை விரியும் எல்லையை மாற்றும் கார்களில், இப்பொய்க்கு விலை ஒலித் தொல்லையைவிட மிக அதிகம்.

முன்னால் பொருத்தும் கனத்த இரும்புத் தடுப்பு மற்றொன்று. மாட்டு வண்டியும் ஆட்டோவும் இடித்தால் பம்பர் கெடாது என்று இதனை விரும்புகின்றனர். ஆனால் நசுங்க வேண்டிய பகுதி நசுங்காமல் போகிறது. கருவி எதிர்பார்த்த அதிர்ச்சியின் வடிவம் மாறிவிடுகிறது. பை காலம் தாழ்ந்தோ, வேண்டாத நேரத்திலோ விரியலாம். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் இவற்றின்மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. கிராமச் சாலைகளில் ஜீப்பில் செல்லும் களப்பணியாளர்கள் தங்கள் வண்டியின் முகப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது தகும். முன்பலகையின்மேல் சாமி படமும் பொம்மையும் ஒட்டுவதும் நம்மவர் வழக்கம். பை விரியும் மூடியின்மேல் இருப்பது எதுவாயினும் அது எறிபடையாகிவிடும்.

வெள்ளம் வேறொரு பகை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. கருவி தளத்தை ஒட்டியிருப்பதால் இருக்கை நனையுமுன்பே அது நனையும். எஞ்சின் பழுது பார்க்கப்பட்டு வண்டி ஓடத் தொடங்கினாலும், பெட்டியின் முனைகளில் பச்சை பூத்துக்கொண்டே வரும்.

கோளாறு எதுவாயினும் கருவி அதை மறைப்பதில்லை. வண்டியின் சாவியைத் திருப்பியதும், அமர்ந்த மனிதனையும் எதிரே ஒரு வட்டத்தையும் காட்டும் சிவப்பு விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது உண்டு. எரியவே இல்லையெனில் ஐயம் இன்னும் பெரிது. விளக்கையே யாரேனும் துண்டித்திருக்கலாம். ஒருமுறை விரிந்த பைக்குப் பதிலாக வெற்று மூடியைத் தைத்து வைத்து, பையின் கம்பிகளுக்கு இடையே ஒரு மின்தடையைப் பொருத்தி, எல்லாம் செம்மையாக உள்ளதென்று கருவியை ஏமாற்றும் பட்டறைகளும் இல்லாமல் இல்லை. பழைய கார் வாங்குவோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: விலை பேசுமுன் சாவியைத் திருப்பி அந்த விளக்கைப் பாருங்கள், ஐயம் இருப்பின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் கருவியின் நினைவைப் படிக்கச் செய்யுங்கள்.

வகுப்பறையில் செய்து காட்ட

இரு மாணவர்கள் ஒரு போர்வையைத் திரைபோல் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். அடி விளிம்பை மடித்துத் தொட்டிபோல் உயர்த்த வேண்டும். மூன்றாமவர் ஒரு முட்டையைப் பலமாகத் திரையின் நடுவே எறியட்டும். முட்டை உடையாது. நிற்கும் தூரம் கூடினால் விசை குறையும் என்பதற்கு இதனினும் மலிவான சோதனை இல்லை. முட்டையை வீணாக்க மனமில்லாத பள்ளிகள் நீர் நிரப்பிய பலூனைப் பயன்படுத்தலாம்.

முடுக்கத்தை வரைந்து காட்டும் இலவசச் செயலிகள் கைப்பேசிகளுக்குக் கிடைக்கின்றன. கைப்பேசியை மேசைமேல் வைத்து, அருகே விரலால் சுண்டினால், திரையில் ஊசிபோன்ற ஒரு கோடு எழுந்து மறையும். அதே கைப்பேசியை இறுகப் பிடித்துக்கொண்டு பேருந்தில் செல்லும்போது, நிறுத்தத்தில் பிரேக் பிடிக்கப்பட்டால், தாழ்ந்து அகன்ற ஒரு மேடு தோன்றும். இரண்டையும் தாளில் படியெடுத்துக் கட்டங்களை எண்ணி, எதன் பரப்பு பெரிது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். ஊசி உயரமாக இருந்தும் அதன் பரப்பு அற்பமாக இருப்பதை அவர்கள் காண்பர். பள்ளத்தில் விழுந்த காரில் பை விரியாததன் காரணம் அந்தக் கட்டங்களின் எண்ணிக்கையில் கிடைத்துவிடும்.